அருவியை எத்தனை நொடி எடுப்பது?

குற்றாலம் பேரருவியை நான் முதன்முதலில் எடுத்த படத்தை அத்தையிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏல, யாரு வேட்டி பாறைல காயுது?" என்று கேட்டாள். கேலிக்குக் கேட்கவில்லை, கண்ணாடி போடாமல் பார்த்தாள், அவ்வளவுதான். ஆனால் அவள் சொன்ன பிறகு எனக்கும் அது வேட்டியாகத்தான் தெரிந்தது. கறுத்த பாறை, நடுவில் நீளமாக ஒரு வெள்ளைத் துணி. அன்றைக்கு முகத்தில் அடித்த சாரல், பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காத இரைச்சல், பொங்குமாகடல் என்கிற பாறைப் பள்ளத்தில் விழுந்து எகிறிக் குதிக்கும் தண்ணீர் என எதுவுமே அந்தப் படத்தில் இல்லை.

கேமரா மேல் பழி போட்டுப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது, தண்ணீரை எடுப்பது மற்றதை எடுப்பதுபோல் இல்லை என்று.

ஒரு கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று வடிவம் இருக்கிறது, நிறம் இருக்கிறது, விளிம்பு இருக்கிறது. நீங்கள் 1/1000 நொடியில் எடுத்தாலும் பத்து நொடி திறந்துவைத்து எடுத்தாலும் கோபுரம் கோபுரம்தான். தண்ணீருக்கு அப்படி எதுவும் கிடையாது. வடிவம் பாறையிடமும் கரையிடமும் கடன். நிறத்தில் பெரும்பங்கு வானத்திடம் கடன். படத்தில் அது துளியாகத் தெரியுமா, நூலாகத் தெரியுமா, புகையாகத் தெரியுமா என்பதை முடிவு செய்வது ஷட்டர், அதாவது கேமராவுக்குள் ஒளியை விடும் கதவு, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. நம் கண்ணுக்கு ஷட்டர் இல்லை. அந்தரத்தில் உறைந்து நிற்கும் துளியையும் யாரும் நேரில் பார்த்ததில்லை, பட்டுப்போல வழியும் அருவியையும் யாரும் நேரில் பார்த்ததில்லை. இரண்டுமே கேமரா செய்கிற வேலை. எதைச் செய்யச் சொல்வது என்று நாம் முடிவெடுக்காவிட்டால் கேமராவே ஏதோ ஒன்றை முடிவெடுத்துக்கொள்ளும். என் விஷயத்தில் அது வேட்டி என்று முடிவெடுத்தது.

ஷட்டர்: தண்ணீர் எவ்வளவு தூரம் ஓடியது?

புதிதாக எடுப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, "அருவிக்கு எவ்வளவு ஷட்டர் வைக்கணும்?" இதற்கு ஒரே எண் கிடையாது. ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டால் நாமே கண்டுபிடித்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான், பயப்பட வேண்டாம்.

ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் கீழே வரும்போது ஏறத்தாழ நொடிக்கு பத்து மீட்டர் வேகத்தில் வரும். ஷட்டரை 1/1000 நொடி வைத்தால், அது திறந்து மூடுவதற்குள் துளி நகர்ந்த தூரம் ஒரு சென்டிமீட்டர். பத்து மீட்டர் அகலக் காட்சியில் ஒரு சென்டிமீட்டர் என்பது கண்ணுக்கே தெரியாது. துளி உறைந்து நிற்கும். 1/60 வைத்தால் அதே துளி பதினாறு சென்டிமீட்டர் ஓடியிருக்கும். உறைந்ததும் இல்லை, வழிந்ததும் இல்லை, வெறும் கலங்கல். என் வேட்டிப் படம் இந்த 1/60 ரகம். 1/4 நொடி வைத்தால் இரண்டரை மீட்டர். இப்போது ஒவ்வொரு துளியும் ஒரு கோடு இழுத்துவிடுகிறது, கோடுகள் சேர்ந்து இழைகளாகத் தெரிகின்றன.

சரி, இதே 1/4 நொடியைத் திருநெல்வேலியில் தாமிரபரணிக்கு வைத்தால் என்ன ஆகும்? குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில் இருக்கிறது, அதன் மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் சாவகாசமாக ஓடும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், 1/4 நொடியில் கால் மீட்டர்தான் நகரும். அருவிக்குப் பட்டு நெய்த அதே எண் இங்கே கலங்கலைத்தான் தரும். இழை வேண்டுமானால் இரண்டு மூன்று நொடி போக வேண்டும். ஆக, நாம் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை நொடி" என்பதைவிட "அந்த நேரத்தில் தண்ணீர் எவ்வளவு தூரம் ஓடும்" என்பதுதான். இது பிடிபட்டுவிட்டால் யார் எழுதிவைத்த அட்டவணையும் வேண்டாம்.

தண்ணீரின் அளவையும் பார்க்க வேண்டும். செய்தித்தாளில் "ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து அதிகரிப்பு, பரிசல் இயக்கத் தடை" என்று அடிக்கடி வரும். அதை வாசிக்கும்போது மற்றவர்களுக்குச் சுற்றுலா போச்சே என்று தோன்றும், படம் எடுப்பவனுக்கு ஷட்டர் எண் தோன்றும். வெள்ளம் பெருகி, செம்மண் கலந்து, பழுப்பாகச் சீறி வருகிற தண்ணீரை இரண்டு நொடி திறந்துவைத்து எடுத்தால் டீ கொட்டினமாதிரி ஒரு பரப்பு கிடைக்கும். அதன் பலமெல்லாம் போய்விடும். அதற்கு 1/1000, 1/2000 என்று வேகமாக எடுத்து, எகிறும் நீர்த்திரள்களையும் தெறிப்பையும் பிடிக்க வேண்டும். அதற்கு நேர் எதிராக, கோடையில் பாறையிடுக்கில் நாலு நூலாக ஒழுகும் அருவியை வேகமாக எடுத்தால் அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். அரை நொடி, ஒரு நொடி வைத்தால் அந்த நாலு நூலும் வெள்ளிச் சரடாக நிற்கும். தண்ணீர் குறைவான காலம் படத்துக்கு மோசமான காலம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்த காலம். கூட்டமும் இருக்காது.

என் சொந்த அபிப்பிராயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டு அருவி இப்போது அலுத்துவிட்டது. எல்லா அருவியும் ஒரே பால் அபிஷேகமாகத் தெரிகிறது. எந்த ஊர், எந்தப் பாறை என்று சொல்ல முடிவதில்லை. நான் பெரும்பாலும் 1/8 முதல் 1/4 வரை நின்றுவிடுவேன். அங்கே தண்ணீர் வழிகிறது என்பதும் தெரியும், எந்தப் பாறையில் மோதித் திரும்புகிறது என்பதும் தெரியும். நீங்கள் ஒரே இடத்தில் நின்று 1/1000, 1/60, 1/8, 1/2, 2 நொடி என்று ஐந்து படம் எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு எது பிடிக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பகலில் வெளிச்சம் விடமாட்டேன் என்கிறதே

ஷட்டரை நீளமாகத் திறந்தால் படம் வெளிறிப்போகும், இதுதான் அடுத்த சங்கடம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் அளவு) 100, அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) எஃப் 16 என்று வைத்தாலே ஷட்டர் 1/100 நொடி அளவில்தான் வரும். எஃப் எண் ஏற ஏறத் துளை சிறிதாகும், அதனால் அப்பர்ச்சரை எஃப் 22 வரை குறைக்கலாமே என்று தோன்றும். துளை மிகவும் சிறிதானால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுக்க லேசாக மழுங்கும். எஃப் 11-க்கு மேல் நான் முடிந்தவரை போவதில்லை.

இதற்குத்தான் என்டி ஃபில்டர். லென்ஸுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள், நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும். பெயரிலேயே கணக்கு இருக்கிறது. என்டி 8 என்றால் ஒளி எட்டில் ஒரு பங்கு, அதாவது 1/100 நொடி 1/12 ஆகிவிடும். என்டி 64 போட்டால் அது ஏறக்குறைய 0.6 நொடி. என்டி 1000 போட்டால் பத்து நொடி. அருவிக்கும் ஆற்றுக்கும் என்டி 8, என்டி 64 இரண்டும் போதும். 1000 கடலுக்கும் மேகத்துக்கும்தான். மலிவான ஃபில்டர்களில் படம் முழுக்க ஒரு ஊதா அல்லது பழுப்புச் சாயல் ஏறிவிடும். முதலில் வாங்கியது அப்படித்தான் என்னை ஏமாற்றியது, தாமிரபரணி முழுக்க நன்னாரி சர்பத் ஓடியது.

பணம் செலவழிக்காமல் செய்ய வேண்டுமென்றால் நேரத்தை மாற்றுங்கள். சாரல் மேகம் மூடிய காலையில், மர நிழலில், ஃபில்டரே இல்லாமல் 1/8 நொடி கிடைக்கும். சூரியன் உதிப்பதற்கு முன்பு பல நொடிகள்கூடக் கிடைக்கும். ஆனால் நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வைகறை வெளிச்சம் நீடிக்காது. விடியத் தொடங்கியதும் அரைமணி நேரத்துக்குள் வெயில் வந்து நின்றுவிடும். ஐரோப்பாக்காரர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்துவிட்டு ஆற அமரப் போனால், டிரைபாடின் மூன்று கால்களையும் நீட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இருட்டிலேயே போய் நிற்க வேண்டும்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போன் கேமராவில் அப்பர்ச்சர் பெரும்பாலும் மாற்ற முடியாதது, அதனால் பகலில் ஷட்டரை நீட்ட வழியில்லை. ஆனால் வேறு வழி இருக்கிறது. ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்துவிட்டு, பிறகு அந்தப் படத்தின் தேர்வுகளில் லாங் எக்ஸ்போஷர் என்பதைத் தட்டினால், எடுத்த சில நொடிகளின் சட்டகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தண்ணீரை வழியவிட்டுவிடும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இதே மாதிரி ஒரு வசதியோ, வெளிச்சம் குறைந்த நேரத்தில் ஷட்டரைக் கையால் மாற்ற உதவும் புரோ மோடோ இருக்கும். பாறை மட்டும் அசையாமல் இருக்கவேண்டும், அதாவது உங்கள் கை அசையக்கூடாது. டிரைபாட் இல்லாத நாளில் நான் குற்றாலத் துண்டைச் சுருட்டிப் பாறைமேல் வைத்து, அதில் போனைப் பதித்து, இரண்டு நொடி டைமரில் எடுத்திருக்கிறேன். கச்சிதமாக வந்தது. துண்டுதான் சேறாகிப்போனது.

வெள்ளை வெளிறிப்போவது

வேட்டிப் படத்தின் இரண்டாவது தவறு இது. கறுத்த பாறை நிறைந்த காட்சியைப் பார்த்ததும் ஒளியை அளக்கும் கேமராவின் மீட்டர், "ரொம்ப இருட்டாக இருக்கிறதே" என்று எல்லாவற்றையும் பிரகாசமாக்கிவிடுகிறது. பாறை நன்றாகத் தெரியும். நடுவில் இருக்கும் நுரை ஏற்கெனவே வெள்ளை, அது இன்னும் ஏறிப்போய் வெறும் காகித வெள்ளையாகிவிடும். அதற்குள் இருந்த இழை, நிழல் எதையும் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இருட்டான பாறையை ஓரளவு மீட்கலாம், போன வெள்ளை போனதுதான். அதனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு விழும் ஒளியை, முக்கால் ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைத்து வையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). போனில் நுரைமேல் விரலால் தட்டி, சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும்.

இந்தத் தொல்லை பழையது. 1850-களில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலை எடுத்தபோது, கடலுக்குச் சரியாக வைத்தால் வானம் வெளிறியது, வானத்துக்குச் சரியாக வைத்தால் கடல் கறுத்தது. அவர் கடலைத் தனி நெகட்டிவிலும் வானத்தைத் தனி நெகட்டிவிலும் எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் ஒட்டி அச்சிட்டார். இன்றைக்கு எச்டிஆர் என்ற பெயரில் உங்கள் போன் கேட்காமலே செய்வது கிட்டத்தட்ட அதே வேலைதான்.

குளம் காட்டும் வானம்

ஓடும் தண்ணீர் போதும், இனி நிற்கும் தண்ணீர். செங்கல்பட்டுப் பக்கம் ஏரி, ராமநாதபுரம் பக்கம் கண்மாய், எங்கள் பக்கம் குளம். வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழியில் தளும்ப நிற்கும்போது அதன் கரையில் காலை ஆறு மணிக்குப் போய் நின்றால் பனைமரம் தலைகீழாக நிற்கும். அதை எடுக்க ஷட்டர் கணக்கெல்லாம் வேண்டாம். கேமராவின் உயரம்தான் இங்கே முக்கியம். இதை மொட்டைமாடியிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

ஒரு பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு ஐந்து ரூபாய்க் காசைப் போடுங்கள். நேர் மேலே நின்று பாருங்கள். காசு பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அந்தக் கோணத்தில் தண்ணீர் திருப்பி அனுப்புவது வானத்து ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். இப்போது மெதுவாகக் குந்துங்கள். இன்னும் தாழ்ந்து, கன்னம் தரையில் படுகிற அளவுக்குப் போங்கள். ஒரு கட்டத்தில் காசு மங்கி, வானமும் தண்ணீர்த் தொட்டியும் கொடியில் தொங்கும் துணியும் தாம்பாளத்துக்குள் வந்துவிடும். பரப்பிலிருந்து பத்து டிகிரி உயரத்தில் கண்ணை வைத்தால் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பி வருகிறது. இன்னும் தாழ்ந்தால் பாதிக்கும் மேல். குளக்கரையிலும் இதே கதைதான். நின்றபடி எடுத்தால் காலடியில் பாசியும் கல்லும் தெரியும். கேமராவைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பிடித்தால் வானம் முழுக்க உள்ளே விழும். மழை விட்ட தெருவில் தேங்கிய ஒரு குட்டைகூட, போனைத் தலைகீழாகத் திருப்பி லென்ஸைத் தரையோடு ஒட்டிவைத்தால், எதிரே இருக்கும் கோபுரத்தை முழுசாகக் காட்டும்.

பிம்பம் எப்போதும் நிஜத்தைவிடக் கொஞ்சம் இருட்டு, அதையும் கவனியுங்கள். எடிட் செய்யும்போது பிம்பத்தை நிஜத்தைவிடப் பிரகாசமாக்கிவிடுகிறார்கள் சிலர். பார்ப்பவருக்கு என்ன தவறு என்று தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும்.

பிம்பம் வேண்டாம், அடியில் இருக்கும் கூழாங்கல்தான் வேண்டும் என்றால் போலரைசர் ஃபில்டர். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி ஒரே திசையில் அதிர்கிற ஒளி. போலரைசர் அந்தத் திசை அதிர்வை மட்டும் தடுத்துவிடுகிறது. எந்தக் கோணத்தில் இது முழுமையாக நடக்கும் என்பதை 1815-இல் கணக்காகச் சொன்னவர் ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ப்ரூஸ்டர், கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்த அதே ஆள். தண்ணீருக்கு அந்தக் கோணம் பரப்பிலிருந்து ஏறத்தாழ 37 டிகிரி. அதைக் கையாலேயே அளக்கலாம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் உயரம் ஏறக்குறைய பத்து டிகிரி. தொடுவானத்திலிருந்து கீழே மூன்றரை முஷ்டி இறங்கினால் எந்த இடம் வருகிறதோ அங்கேதான் போலரைசர் நன்றாக வேலை செய்யும். அதற்கு மேலேயும் கீழேயும் பலன் குறைந்துகொண்டே போகும். ஃபில்டரைத் திருகிக்கொண்டே பார்த்தால் திரை விலகுவதுபோல் வானம் மறைந்து கல் எழுந்து வரும். முதல் தடவை பார்த்தபோது நான் வாய்விட்டே சிரித்துவிட்டேன். ஈரப் பாறையின் மினுமினுப்பும் இதில் அடங்கும், அதனால் அருவிப் படத்திலும் இலைகளின் பச்சை நன்றாக எழும். கூடவே ஒன்று இரண்டு ஸ்டாப் ஒளியையும் விழுங்கிவிடும் என்பதால் சின்ன என்டி ஃபில்டர்போல் உதவும்.

காற்று எழுந்தால் பிம்பம் சிதறிவிடும். காலையில் காற்று படுத்திருக்கும், வெயில் ஏறி நிலம் சூடானதும் எழுந்துகொள்ளும். அப்புறம் குளம் தகரம் மாதிரி சுருங்கிச் சுருங்கி மின்னும். அதையும் எடுக்கலாம். சூரியனை எதிரே வைத்து, வேகமான ஷட்டரில், நாரை ஒன்று நடுவில் நிற்கும்போது எடுத்தால் ஆயிரம் மின்னல் துண்டுகளுக்கு நடுவே ஒரு கறுப்பு உருவம் கிடைக்கும். எதிர்வெயில் தண்ணீருக்கு நல்லது. தெறிக்கும் துளியும் மழைக்கம்பியும் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் பின்னால் இருந்து வர வேண்டும், பின்புலம் இருட்டாக இருக்க வேண்டும். மழையை எடுக்கிறேன் என்று வெள்ளை வானத்தை நோக்கி எடுத்தால் மழையே இருக்காது.

வானவில்லுக்கு மட்டும் இது தலைகீழ். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். உங்கள் தலையின் நிழல் விழும் திசையைச் சுற்றி 42 டிகிரியில் வில் வளையும். நடுப்பகலில் சூரியன் உச்சியில் இருக்கும்போது அந்த வளையம் கண்மட்டத்துக்குக் கீழே போய்விடும், அதனால் சமதரையில் நிற்பவருக்கு வானவில் கிடையாது. ஆனால் ஒகேனக்கல்லில் மேலே நின்று பள்ளத்தை நோக்கிப் பார்ப்பவருக்குக் கிடைக்கும். அந்த ஊர்ப் பெயருக்கே கன்னடத்தில் புகையும் கல் என்றுதான் பொருள், அத்தனை நீர்ப்புகை எழும்பும் இடம். போலரைசர் மாட்டியிருந்தால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு நிலையில் வில் பளிச்சென்று எழும், இன்னொரு நிலையில் காணாமலே போய்விடும்.

கடல்

சென்னைக்கு வந்த பிறகு அருவி தூரமாகிவிட்டது, கடல்தான் பக்கம். கிழக்குப் பார்த்த கரை, ஆகவே விடியற்காலைதான் நம் நேரம். முதல் பாடம் கேமராவைப் பற்றியதே அல்ல. ஏசி அறையிலிருந்து எடுத்துக்கொண்டு நேராகக் கரைக்குப் போனால் லென்ஸ் முழுக்கப் பனி படிந்துவிடும். துடைக்கத் துடைக்கப் படியும். இருபது நிமிடம் விடியல் கையைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். இப்போதெல்லாம் முந்தின இரவே கேமராப் பையை ஏசி இல்லாத கூடத்தில் வைத்துவிடுகிறேன்.

அலையில் எனக்குப் பிடித்தது அது திரும்பிப் போகும் நேரம். அடித்து நுரைத்து ஏறி வரும்போது எல்லோரும் எடுப்பார்கள். கொஞ்சம் பொறுத்து, மணலில் சரிந்து கடலுக்குள் இறங்கத் தொடங்கும்போது அரை நொடி முதல் ஒரு நொடி வரை திறந்தால், நுரை விரல் விரலாகக் கோடு இழுத்துக்கொண்டு போகும். பார்ப்பவர் கண்ணும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தொடுவானம்வரை போய்விடும். முப்பது நொடி வைத்தால் கடல் அலையே இல்லாத பனிமூட்டமாகிவிடும். கரையில் பாறையோ பழைய பாலத்தூணோ இருந்தால் அது அழகு, வெறும் மணற்கரையில் அப்படிச் செய்தால் சாம்பல் நிறத் தாள்தான் மிஞ்சும்.

டிரைபாடின் கால்களை அலை வரும் இடத்தில் வைத்தால், மணல் அரித்து ஒவ்வொரு அலைக்கும் அரை விரல் புதையும், படம் கலங்கும். முதலிலேயே அழுத்தி ஆழமாக நட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதன் கால்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு பூட்டுகளைத் தின்றுவிடும். தொடுவானம் சாய்ந்தால் கடல் ஒருபக்கமாகக் கொட்டிவிடும்போல் இருக்கும், அதை மட்டும் எடுக்கும்போதே நேராக்கிவிடுங்கள்.

அசையாத ஒன்று

இவ்வளவு சொன்ன பிறகும் படம் வேட்டியாகவே வரலாம். அசைவதை அசைவாகக் காட்ட, பக்கத்தில் அசையாத ஒன்று வேண்டும். ஒரு கல், படித்துறையின் கடைசிப் படி, கட்டிப்போட்ட பரிசல், தண்ணீருக்குள் நீட்டிய வேர். அதுதான் எந்த இடம் என்றும் சொல்லும், எவ்வளவு பெரிது என்றும் சொல்லும். நான் இப்போதெல்லாம் தண்ணீரைத் தேடிப் போய், போன இடத்தில் முதலில் கல்லைத் தேடுகிறேன். நல்ல கல் கிடைத்த பிறகுதான் ஷட்டர்.

பயிற்சிக்கு ஒரு வழி: உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு தண்ணீரை, தெருக்கோடிக் குளமோ வாய்க்கால் மதகோ எதுவானாலும், ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வேறெங்கும் போகக்கூடாது. வாரம் இரண்டு முறை போய், ஒவ்வொரு முறையும் முந்தைய படத்தில் இல்லாத ஒன்றை எடுக்க வேண்டும். முதல் வாரம் சுலபம். இரண்டாவது வாரத்தில் எடுக்க ஒன்றுமே இல்லை என்று தோன்றும். மூன்றாவது வாரத்தில்தான் மதகுக்குப் பின்னால் சுழலும் நுரை, தண்ணீர் வற்றி இறங்கிய கோடுகள், மாடு குடித்துவிட்டுப் போன பிறகு பரவும் வளையம் எல்லாம் கண்ணில் படும்.

இரண்டு எச்சரிக்கை. அருவியில் குளிப்பவர்களை எடுக்காதீர்கள். லென்ஸைத் தலைகளுக்கு மேலே உயர்த்துங்கள், இல்லையென்றால் ஆளில்லாத நேரத்தில் போங்கள். ஆற்றுப் பாறையில் நிற்கும்போது வ்யூஃபைண்டருக்குள்ளேயே மூழ்கிவிடாதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் மழை இல்லாவிட்டாலும் மேலே மலையில் பெய்திருக்கலாம். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் வரத் தொடங்கினாலோ, சத்தம் மாறினாலோ டிரைபாடைக்கூட விட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

போன ஆடியில் மறுபடி குற்றாலம் போனேன். பேரருவிக்கு நேரே கேமராவை நீட்டாமல், கீழே சிற்றாறாக ஓடும் இடத்தில் ஒரு வழுவழுத்த கல்லைப் பிடித்துக்கொண்டேன். மேகம் மூடிய காலை. 1/5 நொடி, முக்கால் ஸ்டாப் குறைத்து, ஐந்து படம். கல்லின் இரண்டு பக்கமும் தண்ணீர் பிரிந்து பின்னால் மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டது. ஊருக்குத் திரும்பியதும் அத்தையிடம் கொடுத்தேன், இந்தத் தடவை கண்ணாடியையும் சேர்த்து. மாட்டிக்கொண்டு பார்த்தாள். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடுவில் விரலை வைத்து, "இந்தக் கல்லுலதான உங்க மாமா வழுக்கி விழுந்தாவ" என்றாள்.